இரண்டு ஸ்கூப் கருவாடு

நண்பன் ஒருவன் எடை குறைக்கிறான். இதை ஒரு செய்தியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நண்பன் இருப்பான், அல்லது நீங்களே அந்த நண்பனாக இருப்பீர்கள். காலையில் நான்கு முட்டை, மஞ்சள் கரு நாய்க்கு. மத்தியானம் சோறு கிடையாது. சாயந்திரம் ஜிம். அது முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி மாவு போட்டு, காது வலிக்கிற மாதிரி குலுக்கிக் குடிக்கிறான். கரண்டி என்று சொன்னால் கோபம் வரும். ஸ்கூப்.

பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணம். ஈ.சி.ஆர். வழியாக அவன் காரில் போனோம். டப்பாவும் வந்தது, பின் சீட்டில். மரக்காணம் வந்ததும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளைக் குவியல்கள், கண் கூசுகிற வெயில். தலையில் கூடையோடு பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். நண்பன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"பாருடா. இதுல ஒருத்திக்காவது தொப்பை இருக்கா? இவங்கள்லாம் எந்த ஜிம்முக்குப் போறாங்க? நம்ம பாட்டி எந்த ஜிம்முக்குப் போனாங்க? உழைப்புடா!"

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உடல் எடையைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரை, புத்தகம், டி.வி. நிகழ்ச்சி எதுவானாலும் இரண்டாவது பக்கத்திலோ, இரண்டாவது நிமிடத்திலோ இது வந்துவிடும். அம்மி, ஆட்டுக்கல், உரல், குனிந்து கோலம் போடுவது, நடந்தே சந்தைக்குப் போவது. 'உழைத்தார்கள், அதனால் ஆரோக்கியமாக இருந்தார்கள்.' ஒரு பக்கம் இந்த வசனம், இன்னொரு பக்கம் டப்பா. எடைக் குறைப்பு இலக்கியம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது. இரண்டுமே பாதி உண்மை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான், எக்கியார்குப்பம் பக்கத்தில் கருவாடு வாங்க இறங்கியபோது.

எக்கியார்குப்பம் மரக்காணத்தை ஒட்டிய மீனவ கிராமம். தமிழ்நாட்டில் பலர் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது 2023 மே மாதம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இரண்டு வாரம் பேப்பரில் இருந்தது. பிறகு நாம் மறந்துவிட்டோம்.

ரோட்டோரம் சாக்கை விரித்து நெத்திலி, காரப்பொடி, வாளை என்று பிரித்து வைத்திருந்தார் ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். எழுந்து நிற்கும்போது முட்டியில் கை ஊன்றிக்கொண்டுதான் எழுந்தார். நண்பன் குடுவையைக் குலுக்கிக்கொண்டே வந்தான்.

"இன்னா தம்பி அது, கொழந்தப் புள்ள மாவா?"

"இல்லக்கா. புரோட்டீன். உடம்புக்கு."

"ஏறவா, எளைக்கவா?"

நண்பன் யோசித்தான். "ரெண்டும்தான். கொழுப்பு எளைக்கும், சதை ஏறும்."

"எவ்ளோ?"

"மூவாயிரம்."

அவர் தன் சாக்கை ஒரு தடவை பார்த்தார். "இந்த மொத்தமும் அவ்ளோ வராது தம்பி."

எனக்கு வாய் சும்மா இருக்காது. முட்டி என்ன ஆச்சு என்று கேட்டேன். முட்டி போச்சு, சுகர் வேற இருக்கு என்றார். "டாக்டரு தெனம் நடக்கச் சொல்றாரு. நடக்காம பின்ன இன்னா பண்றேன்? கூடையத் தூக்கிக்கினு முப்பது வருசமா நடக்கறேன். அதையே திருப்பிச் சொல்றாரு."

என்ன சாப்பிடுகிறீர்கள்? காலையில் டீ, ஒரு பொறை. மத்தியானம் சோறு, குழம்பு. ராத்திரி மிச்ச சோறு. மீன்? "மீனு அவருக்கும் பசங்களுக்கும். நமக்குக் கொழம்பு போதும்."

நண்பனின் 'உழைப்புடா' அந்த இடத்தில் விழுந்துவிட்டது. இந்த அம்மாவைவிட யார் உழைத்திருக்க முடியும்?

இதற்கு மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு பதில் இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால், வேலையிலேயே அதிக உடலுழைப்பு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்துகள் அதிகமாக இருந்தன. காரணம் இதுதான் என்று யாரும் முடித்துவிடவில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம் நமக்கே தெரிந்ததுதான். ஜிம்மில் இருபது நிமிஷம் பளு தூக்கினால், இறக்கி வைக்கலாம், மூச்சு வாங்கலாம், நாளைக்கு லீவு போடலாம். உப்பளத்தில் கூடையை இறக்கியதும் அடுத்த கூடை காத்திருக்கிறது. ஒரே தசை, ஒரே மூட்டு, எட்டு மணி நேரம், ஓய்வே இல்லை.

தசை வளர்வது பளு தூக்கும்போது அல்ல. தூக்கும்போது அதில் நுண்ணிய சேதம்தான் ஏற்படுகிறது. பிறகு படுத்துத் தூங்கும்போது, சாப்பாட்டில் வந்த புரதத்தை வைத்து உடம்பு அதைச் சரி செய்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் பலமாக. பயிற்சி, புரதம், ஓய்வு மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். கருவாடு விற்கிற அம்மாவிடம் முதலாவது ஏகப்பட்டது, மற்ற இரண்டும் இல்லை. என் நண்பனிடம் இரண்டாவதும் மூன்றாவதும் உண்டு, முதலாவதுக்கு மாதச் சந்தா கட்டுகிறான். உடம்பு வலி தீரக் குடிக்கிறோம் என்பது உழைக்கிற ஊர்களில் எங்கும் கேட்கிற பதில். ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைக்காத இடத்தில் வலிக்கு என்ன மருந்து வந்து சேர்கிறது என்பதற்கு, 2023 மே மாதத்தைத் தவிர வேறு உதாரணம் தேட வேண்டாம்.

'உழைத்தால் போதும், ஜிம் எதற்கு' என்ற வசனத்தின் மேல் எனக்குள்ள முதல் புகார் இதுதான். அது உழைக்கிறவர்களைப் புகழ்கிற மாதிரி இருக்கிறது. உண்மையில் அவர்களுக்கு எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்புகிறது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். புரதம் தேவையில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. நம் ஊர்த் தட்டில் இருக்கிற பழைய ஓட்டை அதுதான். 1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எலிகளுக்குப் பந்தி வைத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, அப்படியே மராட்டியர், வங்காளி, மதராஸி. கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். தீட்டிய அரிசியே பிரதானமாகத் தின்ற நம் மதராஸி எலிகள் கடைசி.

இந்தப் பரிசோதனையில் குறைகள் உண்டு. எந்த இனம் வீர இனம், எது சோப்ளாங்கி இனம் என்று வெள்ளைக்காரர்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எலிகளும் அதே வரிசையில் வந்து நின்றதில் அவர்களுக்குத் திருப்தி இருந்திருக்கும். எல்லா மதராஸியும் ஒரே சாப்பாடு சாப்பிடவும் இல்லை. மரக்காணத்து மீனவர் சாப்பாட்டைக் கொடுத்திருந்தால் அந்த எலி எங்கே நின்றிருக்கும்? சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஒரு ஊர் வருகிறது. அது இந்த மரக்காணம் பக்கத்துக் கடற்கரைதான் என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காட்டுகிறார்கள். பசித்து வருகிற பாணர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் தேறலும், உலர்ந்த குழல் மீனைச் சுட்டும் கொடுப்பார்கள் என்கிறது பாட்டு. இந்தக் கரையின் டயட் சார்ட்டில் கருவாடு ஏறி இரண்டாயிரம் வருஷம் இருக்கும்.

ஆனாலும் மெக்காரிசனின் எலிகள் ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஐ.சி.எம்.ஆரும் சென்னையில் இருக்கிற நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் வந்தது. இந்தியர்களின் தினசரி கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவிகிதம். நூறு வருஷத்தில் தட்டு பெரிதாகியிருக்கிறது, விகிதம் அதிகம் மாறவில்லை. விளைவையும் பார்த்துவிடுவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம், 2019-21-ல் 40.4 சதவிகிதம். அதே 2019-21 ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவிகிதம். ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில், எடை அதிகம், சத்து குறைவு.

எனவே எடை இயந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் போட்டோவைப் போட்டு ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டன்காரர் யூட்கின். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சு அசலாக 22.3. உடம்பில் கொழுப்பு? யூட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. உப்பளத்துப் பெண்களைக் காரிலிருந்து பார்த்து 'தொப்பை இருக்கா' என்று கேட்பதில் அர்த்தமில்லை என்பதற்கு இது போதும்.

பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்தால் அதில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பாக இருக்காது, தசை மாதிரி வேண்டிய சரக்காக இருக்கும். நாற்பதுக்குப் பிறகு தசை தானாகவே கரைகிற சொத்து. வணிகவியல் படித்தவன் பாஷையில் தேய்மானம். அதையும் விற்றுத் தின்றுவிட்டு 'எடை குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவது, கடையின் தராசை விற்று லாபம் காட்டுகிற மாதிரி. எடை குறைக்கும்போது புரதத்தைக் கூட்டச் சொல்வதும், வாரத்தில் இரண்டு நாளாவது பளுப் பயிற்சி செய்யச் சொல்வதும் இதற்காகத்தான். 'டோனிங்' என்று ஜிம்காரர்கள் சொல்வது வேறொன்றுமில்லை. தசை தங்க வேண்டும், மேலே மூடியிருக்கிற கொழுப்பு இறங்க வேண்டும். வயிற்றை மட்டும் குறைக்கிற பயிற்சி என்று ஒன்று கிடையாது.

இதுவரை நண்பன் செய்வது சரி. பிரச்னை டப்பாவே எல்லாம் என்று நினைப்பதில். தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்குப்படி சராசரி இந்தியருக்குத் தேவை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். பளு தூக்கி எடையும் குறைக்கிறவருக்குக் கொஞ்சம் கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டவே கூடாது. அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்றுவதற்காகப் புரத மாவு வாங்காதீர்கள் என்று நேரடியாகவே சொல்லிவிட்டது.

டப்பாவில் எழுதியிருப்பதாவது உள்ளே இருக்கிறதா? கேரளாவைச் சேர்ந்த ஒரு மருத்துவர் குழு இந்தியச் சந்தையில் விற்கிற 36 புரத மாவுகளைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டது. 25 டப்பாக்களில் லேபிளில் போட்ட அளவு இல்லை. சிலவற்றில் பாதிதான். கடைக்காரர் கிலோவுக்கு அரைக் கிலோ நிறுத்துப் போட்டால் நாம் சும்மா இருப்போமா? மூவாயிரம் ரூபாய் என்றதும் மரியாதை வந்துவிடுகிறது.

எங்கள் தெருக் கடை விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் புரதத்தின் அடக்க விலை: டப்பாவில் லேபிளை நம்பினாலே மூன்று, நான்கு ரூபாய். முட்டையில் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மத்தி மீனில் ஒன்றரை ரூபாய் வாக்கில். துவரம்பருப்பு, வேர்க்கடலையில் ஒரு ரூபாய்க்கும் கீழே. சோயா உருண்டையில் இன்னும் குறைவு. உங்கள் ஊரில் பைசா முன்னே பின்னே இருக்கலாம், வரிசை மாறாது. (கருவாட்டைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. நீர் வற்றியபின் அதில் மிஞ்சுவது புரதம், கூடவே உப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஸ்கூப் கணக்கில் சாப்பிட வேண்டாம்.)

புத்தகங்களையும் இதே கணக்கில் பார்க்கலாம். சுமார் பத்து வருடங்களுக்கு முன் தமிழில் பேலியோ அலை அடித்தது. நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' பரபரப்பாகப் படிக்கப்பட்டது. அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். மாவுச்சத்து, புரதம், சர்க்கரை என்பதெல்லாம் டாக்டர் பாஷையிலிருந்து இறங்கி டீக்கடைப் பேச்சுக்கு வந்தது அப்போதுதான். பலர் குறைத்தார்கள், சிலர் திரும்ப ஏற்றினார்கள். என் குறை வேறு. காலையில் நூறு பாதாம் என்று எழுதும்போது, எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, நம் இருவர் வீட்டிலும் தினம் நூறு பாதாம் வாங்கக் காசு இருக்கிறது என்று. உடம்பை இளைக்க வைக்கிற எழுத்தெல்லாம், பெரும்பாலும், ஏற்கெனவே ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்காக எழுதப்படுகிறது. மன உறுதி, ஒழுக்கம், கட்டுப்பாடு என்று பேசுகிறது. தட்டில் என்ன விழுகிறது, அதை யார் போடுகிறார்கள், கடைசியில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதில்லை.

ரேஷன் கார்டை எடுங்கள். நான்கு பேர் உள்ள குடும்பம். மாதம் 20 கிலோ இலவச அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு. ஆளுக்கு நாளுக்கு என்று வகுத்தால் அரிசி 167 கிராம், பருப்பு எட்டு கிராம் சொச்சம். புரதமாக மாற்றினால் அரிசியிலிருந்து 13 கிராம், பருப்பிலிருந்து இரண்டு. மொத்தம் 15. தேவை 46, அல்லது 54. மிச்சத்தைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். வாங்கியது பங்கு பிரியும்போது மீன் அவருக்கு, முட்டை பிள்ளைகளுக்கு, குழம்பு அம்மாவுக்கு. பட்டினி போக்கிய அரிசி அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பசியைத் தீர்த்த கையோடு சர்க்கரையையும் தொப்பையையும் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாததல்ல. 2010-ல் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை வந்தது. என் கணக்கில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய, மிக வெற்றிகரமான புரோட்டீன் திட்டம் அதுதான். எந்த விளம்பரத்திலும் சிக்ஸ் பேக் இல்லை. அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதுதான் பாக்கி. மாதத்துக்கு ஒரு கிலோ பருப்பு என்பதை மூன்று கிலோ ஆக்கினால், அரிசியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், மூவாயிரம் டயட் புத்தகம் செய்யாததைச் செய்யும் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் எனக்கும் என்ன? ஜிம்முக்குப் போகிறவர்கள் போங்கள், கேலி இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை மாதிரி ஏதாவது, இரண்டு நாள் பளு. சோற்றைப் பாதியாக்கி, காலியான இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் எதையாவது நிரப்புங்கள். இடுப்பை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் எடை இயந்திரம் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். நன்றாகத் தூங்குங்கள். அப்புறம், உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள். மரக்காணத்துக்குப் போக வேண்டாம், அடுப்படி வரை போனால் போதும்.

அரைக் கிலோ நெத்திலி வாங்கினோம். நண்பன் காசு கொடுத்துவிட்டு, "அக்கா, இதுல நிறைய புரோட்டீன் இருக்கு. நீங்களும் சாப்பிடணும்" என்றான். ஏதோ தோன்றிச் சொல்லிவிட்டான்.

அந்த அம்மா சிரித்தார். "நான் சாப்ட்டா விக்கறது யாரு தம்பி?"

பாண்டிச்சேரி வரை நண்பன் குடுவையைக் குலுக்கவில்லை.